துருவின் பெருமை

சென்ற வாரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு விசாரணை நடந்தது. குற்றத்துக்குச் சாட்சியாக முன்னால் வைக்கப்பட்டது ஓர் இரும்பு வாணலி. எல்லோரும் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், அதன் வயிறு முழுவதும் செம்பழுப்பு நிறமாகத் துருவேறிக் கிடந்தது. "ஈரத்தைத் துடைக்காமல் இதைக் கவிழ்த்து வைத்தது யார்?" என்று அத்தை கேட்டார். யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொள்ளத் தைரியம் வராமல், "துருவை அவ்வளவு மட்டமாக நினைத்துவிடாதீர்கள், அத்தை! அந்தத் துருவினால் உயிர் பிழைத்திருக்கிற ஜனங்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்" என்று சொல்லி வைத்தேன்.

"அப்படியா? அந்தக் கதையையும் சொல்லு. சொல்லிக்கொண்டே புளியை வைத்து இதைத் தேய்த்துவிடு" என்றார் அத்தை.

வாணலியைத் தேய்த்துக்கொண்டே அத்தைக்குச் சொன்ன கதையை இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லுகிறேன். கதை நடந்த இடம் வங்காளம். கங்கைக் கரையில் உள்ள மேற்கு வங்காளமும், அதற்குக் கிழக்கே உள்ள பங்களாதேஷும் சேர்ந்த பெரிய வங்காளம்.

வங்காளத்தைப் போல் தண்ணீர் நிறைந்த தேசம் பூமியில் அபூர்வம். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அரைத்துக்கொண்டு வரும் மண்ணை ஆயிரமாயிரம் வருஷங்களாகக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய பூமி அது. திரும்பிய பக்கமெல்லாம் ஆறும் கால்வாயும் குளமுமாக இருக்கும். ஆனால் மனிதரும் மாடும் இறங்கிக் குளிக்கிற குளத்திலேயேதான் குடிக்கவும் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் வாந்திபேதியும் சீதபேதியும் வருஷந்தவறாமல் வந்து, பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளையே அதிகமாகக் கொண்டு போயின.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமாக வந்தது குழாய்க் கிணறு. ஓர் இரும்புக் குழாயைப் பூமிக்குள் இறக்கி, மேலே ஒரு கைப்பம்பைப் பொருத்திவிட்டால், மண்ணே வடிகட்டிக் கொடுத்த தெளிந்த ஜலம் வீட்டு வாசலில் வந்து கொட்டும். 1970-க்குப் பிறகு ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் ஸ்தாபனமான யுனிசெஃப் முதலியவற்றின் உதவியோடு பங்களாதேஷ் முழுவதும் இந்தக் கிணறுகள் இறங்கின. பிறகு ஜனங்கள் தாங்களே பணம் போட்டு வீட்டுக்கு வீடு இறக்கிக்கொண்டார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் தகப்பனார்கள் மாப்பிள்ளை வீட்டில் குழாய்க் கிணறு இருக்கிறதா என்று விசாரித்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியமல்ல அது. மண்ணுக்குள்ளிருந்து வரும் ஜலத்தில் பேதிக் கிருமிகள் இல்லை என்று பார்த்தார்கள். வேறொன்று இருக்கக்கூடும் என்று சோதித்துப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை.

அந்த வேறொன்றுக்கு நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. அதுதான் பாஷாணம். இங்கிலீஷ்காரர்கள் ஆர்ஸனிக் என்று சொல்லுகிறார்கள். நம் நாட்டுக் கதைகளில் ராஜாக்களுக்கும் மாமியார்களுக்கும் இரகசியமாகப் பாலில் கலந்து கொடுக்கப்படுகிற அதே வெள்ளைப் பாஷாணத்தின் மூலப்பொருள்.

1983-ஆம் வருஷத்தில் கல்கத்தாவிலுள்ள உஷ்ணமண்டல வைத்தியக் கல்லூரியில் சரும நோய் வைத்தியராயிருந்த டாக்டர் கே. சி. சாஹாவிடம் கிராமங்களிலிருந்து சில நோயாளிகள் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் புழுதியில் மழைத்துளி விழுந்தாற்போல் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள்; உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சொரசொரப்பான முடிச்சுகள். ஒரே வீட்டில் பலருக்கும், ஒரே ஊரில் பல வீட்டாருக்கும் இப்படியிருந்ததைக் கவனித்த அவர், இது தொற்றுநோயும் அல்ல, குஷ்டமும் அல்ல, பாஷாணத்தின் வேலை என்று கண்டுகொண்டார். அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், வழி நேராகக் குழாய்க் கிணற்றடிக்குப் போய் நின்றது.

பங்களாதேஷில் இந்த விஷயம் 1993-ஆம் வருஷத்தில்தான் உறுதியாயிற்று. அதன்பின் பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி நிலையத்தார் அத்தேசத்துச் சர்க்காரோடு சேர்ந்து சுமார் 3,500 கிணறுகளைச் சோதித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். 150 மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கிணறுகளில் நூற்றுக்கு 27 கிணறுகளில், அத்தேசத்துச் சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் பாஷாணம் இருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் விதித்திருந்த கண்டிப்பான அளவை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 46 கிணறுகள் தேறவில்லை. ஒரு ஜனசமூகம் விஷத்துக்கு ஆளான சம்பவங்களில் சரித்திரத்திலேயே இதுதான் மிகப் பெரியது என்று அந்த ஸ்தாபனத்தின் பத்திரிகையில் 2000-ஆம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எச்சரித்தது. ஆபத்துக்கு உட்பட்டவர்கள் மூன்றரைக் கோடிப் பேருக்குக் குறையமாட்டார்கள் என்றும் அது கணக்கிட்டிருந்தது.

அந்தக் கண்டிப்பான அளவு எவ்வளவு என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு லிட்டர் ஜலத்துக்கு 10 மைக்ரோகிராம். இது மனத்தில் பதியும்படி சொல்வதானால், பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்தை வரிசையாக நிறுத்தி, அவை எல்லாவற்றிலுமாகச் சேர்த்து ஒரே ஒரு கிராம் பாஷாணத்தைக் கலந்தால் கிடைக்கும் அளவு. அதற்கு மேல் போனால் ஆபத்து. வங்காளத்தில் அதைப் போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் உள்ள கிணறுகள் ஏராளம்.

இந்த விஷம் உடனே கொல்லுவதில்லை. அதுதான் இதன் வஞ்சகம். வருஷக்கணக்காகக் குடித்த பிறகே சருமத்தில் அடையாளம் காட்டுகிறது. இன்னும் பல வருஷம் கழித்துச் சருமத்திலும் சுவாசப்பையிலும் மூத்திரப்பையிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது. அந்த அடையாளத்தைப் பார்த்தவர்கள் குஷ்டமென்று பயந்து ஒதுங்கினார்கள். உள்ளங்கையில் முடிச்சு விழுந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆவது கஷ்டமாயிற்று. கல்யாணம் ஆன பெண்களில் சிலர் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தண்ணீர் எடுத்து வந்ததும் அவர்கள்தான். தண்ணீரால் தண்டிக்கப்பட்டதும் அவர்கள்தான்.

"காய்ச்சிக் குடித்தால் போகாதோ?" என்று அத்தை இந்த இடத்தில் கேட்டார். போகாது. காய்ச்சினால் கிருமி சாகும், பாஷாணம் கிருமியல்ல. ஜலம் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சமிருப்பதில் விஷத்தின் விகிதம் சற்று ஏறவே செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது. கலங்கல் தண்ணீரில் நம் பெரியவர்கள் தேற்றாங்கொட்டையை இழைத்து விடுவார்கள் அல்லவா? அது மிதக்கிற சேற்றை ஒன்றுகூட்டி அடியில் படியவைக்கும். இங்கேயோ கலங்கலே கிடையாது. பானகத்தில் வெல்லம் கரைந்திருப்பதுபோல் விஷம் ஜலத்தில் கரைந்திருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கண்ணாடிபோல் தெளிந்த ஜலத்தைக் காட்டி, இது விஷம் என்று சொன்னால் எந்தத் தாயார்தான் நம்புவாள்?

* * *

இப்பொழுது துருவிடம் வருகிறேன்.

பாஷாணம் அந்த மண்ணுக்குள் எப்படி வந்தது? யாரும் கொண்டுபோய்ப் போடவில்லை. இமயத்துப் பாறைகளில் அது சிறிதளவு இருக்கிறது. பாறை உடைந்து மணலாகி ஆற்றோடு வரும்போது, அதிலுள்ள இரும்பு, காற்றும் நீரும் பட்டுத் துருவாகி, மணல் பரல்களின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. துருவுக்குப் பாஷாணத்தின்மேல் அபாரமான பிடிப்பு. ஆற்று நீரில் திரிந்த பாஷாணத்தையெல்லாம் அது தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, அப்படியே வங்காளத்து மண்ணில் வந்து தங்கிற்று.

அதோடு போயிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அந்த மண்ணோடு இலையும் தழையும் வேரும் மட்கிப் புதைந்திருந்தன. அவற்றைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் மண்ணுக்குள் இருந்த பிராணவாயுவை முதலில் தீர்த்தன. அது தீர்ந்த பிறகு, சுவாசத்துக்குப் பதில் துருவையே உபயோகித்துக்கொள்ள ஆரம்பித்தன. பிராணவாயு இல்லாத அந்த இருட்டில் துரு கரைந்தது. துரு கரைந்தவுடன், அது எத்தனையோ காலமாகக் கட்டி வைத்திருந்த பாஷாணம் விடுதலை பெற்று நிலத்தடி ஜலத்தில் கலந்தது. அந்த ஜலத்தில்தான் குழாய்கள் போய் இறங்கின.

விஷத்தை விட்டது துரு. அப்படியானால் அதைத் திரும்பப் பிடிப்பதற்கும் துருவையே ஏவினால் என்ன? சாஸ்திரக்ஞர்கள் செய்தது அதைத்தான்.

இங்கே ஒரு வித்தியாசத்தை நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். துணி தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீர் அதன் உள்ளே போய்விடுகிறது. துரு பாஷாணத்தை அப்படி உறிஞ்சுவதில்லை. தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. இதை இரசாயன சாஸ்திரத்தில் பரப்புக் கவர்ச்சி என்கிறார்கள். துருவின் மேற்பரப்பில் இரும்பணுக்கள், பிராணவாயுவும் ஜலவாயுவும் சேர்ந்த சிறு ஜோடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பாஷாணம் வந்தவுடன் அந்த ஜோடியை விட்டுவிட்டு, பாஷாணத்தோடு கை கோத்துக்கொள்கின்றன. இலேசில் விடுகிற பிடியல்ல அது.

மேற்பரப்பில்தான் காரியம் நடக்கிறதென்றால், மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஒரு வெல்லக் கட்டியை உடைத்தால், முன்பு உள்ளே மறைந்திருந்த பாகமெல்லாம் வெளியே வருகிறது. பொடி செய்தால் இன்னும் அதிகம். இந்த வேலைக்கென்று பக்குவமாகத் தயார் செய்த நுண்மையான துருவில் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு உண்டு. இரண்டு சிட்டிகைத் துருவைப் பிரித்து விரிக்க முடிந்தால் ஒரு டென்னிஸ் மைதானத்தை மூடிவிடலாம்! அத்தையின் வாணலியில் இருந்த துரு இந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. ஆகையால் நேயர்கள் யாரும் பழைய ஆணிகளைக் குடிதண்ணீர்ப் பானையில் போட்டுவைக்க வேண்டாம்.

எல்லா விஷத்துக்கும் ஒரே பொருள் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரக்கரியைப் பக்குவப்படுத்தினால் நாற்றத்தையும் நிறத்தையும் நன்றாகப் பிடிக்கும். பாஷாணத்தை அவ்வளவாகப் பிடிக்காது. ஈயமும் காட்மியமும் ஜலத்தில் பெரும்பாலும் நேர் மின்சாரம் ஏறித் திரிகின்றன. பாஷாணத்தின் ஒரு வகையோ எதிர் மின்சாரம் ஏறியது. இன்னொரு வகைக்கு எந்த மின்சாரமும் இல்லை. அதைப் பிடிப்பதுதான் அதிகக் கஷ்டம். போதாக்குறைக்கு, வங்காளத்து நிலத்தடி ஜலத்தில் பாஸ்பேட் என்ற உப்பு ஏராளம். அது குணத்திலும் உருவத்திலும் பாஷாணத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பந்தியில் பாஷாணத்துக்குப் போட்ட இலையில் தம்பி வந்து உட்கார்ந்துவிடுகிறான். ஆகவே, ஆராய்ச்சிச் சாலைச் சுத்த ஜலத்தில் பிரமாதமாக வேலை செய்த பொருள் கிராமத்துக் கிணற்றடியில் பாதி வேலைகூடச் செய்யாமல் போவதுண்டு.

* * *

பங்களாதேஷில் குஷ்டியா என்பது ஒரு ஜில்லா. அந்த ஊர்க்காரரான அபுல் ஹுஸாம் அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் சர்வகலாசாலையில் இரசாயனப் பேராசிரியர். தண்ணீரில் உள்ள பாஷாணத்தை அளக்கும் கருவிகளில் நிபுணர். ஊரில் வைத்தியராயிருந்த சகோதரர் முனீரோடு சேர்ந்து அவர் கிணறுகளைச் சோதித்தபோது, தம் சொந்தக் குடும்பத்தார் குடித்து வந்த கிணற்று ஜலத்திலும் பாஷாணம் இருக்கக் கண்டார். அளந்து சொல்வதோடு நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

முதலில் வங்காளத்து வீடுகளில் எப்போதும் இருக்கும் மூன்று மண்குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மேல் குடத்தில் இரும்புச் சீவலும் மணலும். நடுக் குடத்தில் கரியும் மணலும். அடிக் குடத்தில் நல்ல ஜலம் வந்து சேரும். இரும்பு துருப்பிடிக்கும், துரு விஷத்தைப் பிடிக்கும். இவ்வளவுதான் தத்துவம். மின்சாரம் வேண்டாம், சீமை மருந்து வேண்டாம். ஆனால் நாளடைவில் இரும்புச் சீவல் துருவேறி ஒரே கட்டியாக இறுகித் தண்ணீரை விடாமல் அடைத்துக்கொண்டது. இதற்கும் அவர்கள் சளைக்கவில்லை. இறுகிப் போகாத ஒரு புதுவித இரும்புக் கலவையைச் செய்து, மணல், கரி, செங்கல் ஜல்லி இவற்றோடு வாளிகளில் அமைத்து, 'சோனோ' என்ற வடிகட்டியை உண்டாக்கினார்கள். 2007-ஆம் வருஷத்தில் அமெரிக்கத் தேசிய எஞ்சினீயரிங் அகாடமி அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசளித்தது. அதில் நூற்றுக்கு எழுபது பங்கை ஏழைகளுக்கு வடிகட்டி வழங்குவதற்கென்றே ஹுஸாம் ஒதுக்கினார்.

அதே போட்டியில் இரண்டாவது பரிசு பெற்ற கூட்டத்துக்குத் தலைவர் அரூப் சென்குப்தா என்ற வங்காளி. அமெரிக்காவில் லீஹை சர்வகலாசாலையில் பேராசிரியர். சிப்பூர் எஞ்சினீயரிங் கல்லூரியாருடன் சேர்ந்து 1997 முதல் மேற்கு வங்காளக் கிராமங்களில் அவர் செய்த ஏற்பாடு வேறு விதமானது. வீட்டுக்கு ஒன்றாக அல்லாமல், ஊர்ப் பொதுக் கிணற்றின் கைப்பம்பிலேயே பெரிய வடிகட்டியைப் பொருத்தினார்கள். முதலில் அதற்குள் போட்டது விசேஷமாகப் பக்குவப்படுத்திய அலுமினா. அதுவும் துருவைப் போலவே பாஷாணத்தைப் பரப்பில் பிடிக்கும் வஸ்து. அது நிறைந்தவுடன் எடுத்துப் போய்க் காரத்தினால் கழுவி, மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டு வந்தார்கள். கிராமத்தாரே ஒரு கமிட்டி அமைத்து, குடும்பத்துக்கு இவ்வளவென்று மாதந்தோறும் சிறு தொகை வசூலித்து, காவலையும் கழுவலையும் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கமிட்டி சமாசாரத்தை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்லுகிறேன் என்று நேயர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

மேற்கு வங்காளத்தில் பல கம்பெனிகள் செய்த பாஷாண நிவாரண யந்திரங்கள் நூற்றுக்கணக்கில் நிறுவப்பட்டன. அவற்றில் 18 யந்திரங்களை ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வருஷம் விடாமல் கவனித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுகூட உலக சுகாதார ஸ்தாபனம் விதித்த அளவுக்குள் இடைவிடாமல் தண்ணீர் தரவில்லை. அதைவிட ஐந்து மடங்கு தாராளமான அப்போதைய இந்திய அளவுக்குள் நின்றவை இரண்டே இரண்டு. பொருள் நல்லதாயிருந்தும் பாராமரிப்பார் இல்லாவிட்டால் கதி இதுதான்.

இதன் அந்தரங்கம் பரப்புக் கவர்ச்சியிலேயே இருக்கிறது. துருவின் மேற்பரப்பு எவ்வளவு விசாலமானாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சத்திரத்தில் அறைகள் நிரம்பிவிட்டால் அடுத்து வருகிறவன் உள்ளே புகுந்து நேரே கொல்லைப்புறமாக வெளியே போய்விடுவான். வடிகட்டி நிரம்பிவிட்டால் பாஷாணமும் அப்படியே போகும். அடைத்துக்கொள்ளும் வடிகட்டியாவது தண்ணீர் வராமல் தகவல் சொல்லும். நிரம்பிய வடிகட்டி ஒன்றும் சொல்லாது. நேற்று வந்த அதே தெளிந்த ஜலம் இன்றும் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். குடிக்கிறவர்கள் "நமக்குத்தான் யந்திரம் இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் இன்னும் இரண்டு வாய் அதிகமாகக் குடிப்பார்கள். யந்திரம் இல்லாத ஊரார் பக்கத்துக் கிராமத்து நல்ல கிணற்றுக்காவது நடந்து போவார்கள். செத்துப்போன யந்திரத்தை நம்பியவர்கள் எங்கும் போகமாட்டார்கள்.

ஆகவே ஜலத்தைச் சுத்தம் செய்வதில் பாதி வேலை சாஸ்திரக்ஞருடையது. மற்றப் பாதி, மாதாமாதம் ஒரு சீசாவில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, தேதியைக் குறித்து வைத்து, காலத்தில் பொருளை மாற்றும் சாதாரண மனிதருடையது. முதல் பாதிக்குப் பரிசும் புகைப்படமும் கிடைக்கும். இரண்டாவது பாதிக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் உயிர் நிற்பது இரண்டாவது பாதியில்தான்.

* * *

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. கிண்டிக்கு அப்பால் மரங்களுக்கும் மான்களுக்கும் நடுவே இருக்கும் ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் இந்தத் துருவைப் பல வருஷமாக ஆராய்ந்து வருகிறார்கள்.

துருவுக்கும் மூப்பு உண்டு. புதிதாகப் பிறந்த துரு மிக நுண்மையானது; பரப்பும் பிடிப்பும் அதற்கு அதிகம். நாளாக ஆக அது தானே ஒழுங்கான படிகங்களாகத் தடித்து, பரப்புக் குறைந்து, சக்தி இழக்கிறது. அதை என்றும் இளமையாக வைத்திருப்பது எப்படி? இறால், நண்டு இவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருள் அதற்கு உதவிற்று. நுண்மையான துருத்துகள்களை அந்தப் பொருளின் பின்னலுக்குள் சிறு சிறு கூண்டில் அடைத்தாற்போல் அமைத்துவிட்டார்கள். கூண்டுக்குள் இருப்பதால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து தடிக்க வழியில்லை. பிடிக்கக் கஷ்டமான அந்த மின்சாரமில்லாத பாஷாணத்தையும் இது பிடித்துக்கொள்கிறது. மீன் சந்தையில் எறியும் ஓடும், சமையலறையில் வெறுக்கும் துருவும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. இதற்கு 'அம்ருத்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாற்கடலைக் கடைந்தபோது விஷமும் அமிர்தமும் ஒரே கடலிலிருந்துதான் வந்தன என்று சொல்லுவார்களே, அதை நினைத்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மேற்கு வங்காளம் முதலிய இடங்களில் லட்சக்கணக்கானோர் குடிக்கும் தண்ணீர் இதன் வழியாக வந்திருக்கிறது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த அமிர்தத்துக்கும் நிரம்புகிற நாள் ஒன்று வரும். இதையும் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இன்னொரு கேள்வி பிறக்கிறது. விஷம் ஏறிய துருவை எங்கே கொட்டுவது? குப்பைக் குழியிலோ குளத்துச் சேற்றிலோ கொட்டினால் என்ன ஆகும் என்று நேயர்களுக்கு இப்போது நானே சொல்ல வேண்டியதில்லை. அங்கே மட்கும் குப்பையும் உண்டு, நுண்ணுயிரும் உண்டு, பிராணவாயு இல்லை. துரு மறுபடி கரையும். பாஷாணம் மறுபடி வெளியே வரும். பூமிக்கு அடியில் நெடுங்காலத்தில் நடந்த அனர்த்தத்தை நாம் கொல்லைப்புறத்தில் சில மாதங்களில் நடத்திக் காட்டிவிடலாம். இதை உணர்ந்துதான் சென்குப்தாவின் கூட்டத்தார், கழுவி எடுத்த விஷக் கசட்டைக் காற்றோட்டமுள்ள மணல் தொட்டியில் வைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தார்கள். காற்றுப் படும் வரையில் துரு துருவாகவே இருக்கும். தன் கைதியை விடாது.

பங்களாதேஷில் 2000-க்குப் பிறகு சில வருஷங்களுக்குள் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்ல கிணற்றுப் பம்புக்குப் பச்சையும் விஷக் கிணற்றுக்குச் சிவப்புமாக வர்ணம் அடித்தார்கள். சிவப்பு அடிக்கப்பட்டவை சுமார் 14 லட்சம். எத்தனையோ தாய்மார் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பம்பை விட்டுப் பக்கத்து வீட்டுப் பச்சைப் பம்புக்குக் குடத்தோடு போனார்கள். அதனால் பிழைத்தவர்கள் அநேகர். அக்கம்பக்கத்தாரின் நல்ல மனமும் ஒரு வடிகட்டிதான். ஆனால் வர்ணம் வெயிலிலும் மழையிலும் மங்கிற்று. புதிதாக இறக்கிய கிணறுகள் பலவற்றை யாரும் சோதிக்கவில்லை. தொல்லை இன்னும் தீரவில்லை. கோடிக்கணக்கானோர் ஒரு காலத்தில் குடித்துவிட்ட விஷத்தின் பலனை இனிமேலும் சில காலம் வைத்தியசாலைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் வீடுகளிலும் இப்பொழுது வித விதமான வடிகட்டிகள் வந்துவிட்டன. வாங்கும்போது விலையையும் நிறத்தையும் விசாரிக்கிறோம். நம் ஊர்த் தண்ணீரில் இருப்பது என்ன, அதைப் பிடிக்கக்கூடிய பொருள் இதற்குள் இருக்கிறதா, அது எத்தனை லிட்டருக்குப் பிறகு நிரம்பும், கடைசியாக மாற்றிய தேதி எது என்ற நான்கு கேள்விகளைக் கேட்கிறவர்கள் குறைவு. ஊர்ப் பொது யந்திரமானால் இந்த நான்கு கேள்விகளைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும். பதில் தெரியாவிட்டால், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது நல்ல தண்ணீர் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

கதையை முடித்தபோது வாணலியும் பளபளவென்று ஆகிவிட்டது. அத்தை அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் தண்ணீர் வடிகட்டியின் முன் நின்றுகொண்டு, "இதை மாற்றி எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டார்.

வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஆளை வரவழைத்து மாற்றினோம். மாற்றிய தேதியை அத்தை நாள்காட்டியில் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.